கிரீச்

வால்டிவியாவில் மழை பெய்வது செய்தி அல்ல,
நிற்பதுதான் செய்தி.
அது நிற்காத ஒரு ஜூலையில்
நான்காம் மாடியின் பதினெட்டு மாதக் கணக்கு
என் மேசைக்கு வந்தது:
தவறிய மருந்துகள் நாற்பத்தொன்று,
ஆள் மாறிய மருந்துகள் ஆறு,
இறந்தவர் எவருமில்லை.
‘இதுவரை’ என்று ஓரத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

நாற்பத்தொன்றில் இருபத்தொன்பது
ஒரே கையெழுத்தின் கீழ்.
எலியேசர் ஓயார்சூன், இரவுச் செவிலியர்,
பதினோரு வருடப் பணி.
விசாரணைக் கடிதம் தட்டச்சாகிக்
கையொப்பத்துக்குக் காத்திருந்தது.

நான் யாஸ்னா கத்ரிலேயோ.
மனிதர்களைத் திருத்துவது என் வேலை அல்ல;
அவர்கள் தடுக்கி விழும் இடத்தைத்
தரையில் தேடுவது.
மேலாளரிடம் இதைச் சொன்னேன்.
தரை தினமும் இரண்டு வேளை துடைக்கப்படுகிறது என்றார்.

புள்ளிகளைக் கிழமைப்படி வைத்தேன், சிதறின.
வயதுப்படி, நோய்ப்படி,
தகரக் கூரையில் மழைபோல் எங்கும் விழுந்தன.
கட்டில் எண்படி வைத்தபோது
பதினொன்றுக்கும் பதினெட்டுக்கும் இடையில்
எறும்பாய் மொய்த்தன,
அதுவும் இரவு இரண்டிலிருந்து நாலுக்குள்.
எண்களுக்கு விரல் உண்டு, சுட்டும்.
வாய் கிடையாது.

எனவே வியாழன் இரவு
நடைவழி முனையில் நாற்காலி போட்டேன்.
தூக்குக்கயிறு திரிப்பவளைப் பார்ப்பதுபோல்
ஒருமுறை பார்த்தார் எலியேசர்,
அப்புறம் மறந்துபோனார். வேலை அப்படி.

இரண்டேகால்.
மருந்து வண்டி வந்தது.
முன் இடச்சக்கரம் கிரீச்,
அரைச் சுற்றுக்கு ஒரு கிரீச்.
பத்தாம் கட்டில்வரை பல்லைக் கடித்து உருட்டினார்.
அங்கே பழைய ஓட்டுத்தரை தொடங்குகிறது,
கிரீச் அலறலாகிறது.
நிறுத்தினார்.
எட்டுக் கட்டில்களின் மாத்திரைகளை
எட்டுக் குட்டிக் கோப்பைகளில் கொட்டித்
தட்டில் ஏந்திக்கொண்டு
இருட்டுக்குள் பூனைநடையில் போனார்.
பட்டியல் வண்டியிலேயே கிடந்தது.

பாதியில் ஒரு மணி அடித்தது,
பதிமூன்றாம் கட்டிலின் மூச்சுக்கருவி.
தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஓடினார்.
திரும்பி வந்து
ஆறாவது கோப்பை யாருடையது என்று
அவர் கண்கள் தேடிய அந்த நான்கு நொடி
பதினெட்டு மாதக் கணக்கில் எங்குமே இல்லை.

“வண்டியை ஏன் அங்கேயே விட்டீர்கள்?”
“தூங்குகிறார்களே.”

இந்த ஒரு சொல்லை எங்கே நிரப்புவது?
காரணம் என்ற தலைப்பின் கீழ்
கவனக்குறைவு என்று ஒரு கட்டம் உண்டு.
கவனம் என்று கட்டம் இல்லை.

நான்கு ரப்பர் சக்கரங்கள் வாங்கினோம்.
மேலாளரின் இரண்டு மதியச் சாப்பாட்டு விலை.
கடிதத்தை யாரும் கிழிக்கவில்லை,
கையொப்பமில்லாமல் கோப்பில் இன்னும் இருக்கிறது.

ஆறு மாதத்துக்குப் பத்து விழுந்த இடத்தில்
இரண்டு விழுந்தன.
ஒன்றின் காரணம் தெரியும்.
மற்றதற்காக இன்னும் நாற்காலி போடுகிறேன்.
கூட்டத்தில் என் கோடு சரிவாக இறங்கியதைக் காட்டிக்
கைதட்டினார்கள், எம்பனாடா தின்றார்கள்.

அன்று மாலை பதினேழாம் கட்டிலில்
ஹெரிபெர்ட்டோ நைப்பாய்,
படகுக் கட்டும் துறையில் ஓய்வு பெற்றவர்,
மூன்றாம் தடவையாக நுரையீரலோடு வந்தவர்,
என் சட்டைக் கையைப் பிடித்தார்.
“அந்தச் சத்தம் எங்கே போயிற்று?
போன தடவை இரவெல்லாம் கேட்டேன்.
யாரோ வருகிறார்கள் என்று தெரியும்,
எண்ணிக்கொண்டே தூங்கிவிடுவேன்.”

ஆற்றங்கரையில் கடற்சிங்கங்கள் கத்துகின்றன.
விறகுப் புகையும் மழையும் ஜன்னலில் ஒட்டுகின்றன.
அட்டவணையின் வலது கோடியில்
தலைப்பில்லாமல் ஒரு கட்டம் திறக்கிறேன்.

கட்டில் பதினேழு.
இரவு இரண்டேகால்.
விழித்திருக்கிறார்.