விரைவா, நிறைவா

சீலோயேயில் இரவு முழுக்க மழை.
காஸ்ட்ரோ குன்றின் கோபுரத்திலிருந்து
கடல் தாண்டும் ஒற்றை அலைக்கற்றை;
பதினோரு தீவுக்கும் அதுதான் வாசல்.
மழை கனத்தால்
வாசல் மூன்றில் ஒன்றாய்ச் சுருங்கும்.

நெடுநாள் நான் வைத்திருந்த சட்டம் இது:
முந்தி வந்தது முந்திப் போகலாம்.
நியாயம்தான்.
ஆனால் சால்மன் பண்ணையின் இருபது கேமராக்கள்
மீன் தின்பதைப் படம்பிடித்து
மூட்டை மூட்டையாய் இறக்க,
அத்தனைக்கும் பின்னால்
கைப்பிடி எண்களோடு நின்றது
வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பு.

போன ஜூனில்
மருத்துவச்சி எர்சிரா குவென்தியோ
போனில் கத்தினாள்:
"நெல்டா, காஸ்ட்ரோவிலிருந்து டாக்டர்
'இப்போது' என்கிறார்.
எந்த இப்போது?
அவர் பார்ப்பது இங்கே முடிந்துபோன இப்போது."

அவசரமானவை நெற்றியில் எழுதிக்கொள்ளட்டும்
என்று அறிவித்தேன்.
ஒரே வாரத்தில் எல்லா நெற்றியிலும் எழுத்து.
கேமரா அவசரம்.
நாளைய வானிலைப் படம் அவசரம்.
யாரோ ஒருவர் கைபேசியின் தானியங்கிப் புதுப்பிப்பு,
தூங்குகிறவர் தலைமாட்டில்,
படு அவசரம்.

பிறகு கேள்வியை மாற்றினேன்.
நீ யார் என்று கேட்கவில்லை,
எவ்வளவு முக்கியம் என்றும்.
உனக்கு விரைவா, நிறைவா?
குட்டை வரிசையில் நில்,
காக்க வைக்கமாட்டேன்;
இடம் நிரம்பினால் கூசாமல் உதறிவிடுவேன்.
நீள வரிசையில் நில்,
ஒரு பொட்டுச் சிந்தமாட்டேன்;
எப்போது என்று மட்டும் கேட்காதே.
இரண்டும் சேர்த்துக் கிடையாது.

மூன்று நாள் வசவு.
அப்புறம் பண்ணை தானாகவே
நீள வரிசைக்கு நகர்ந்தது.
பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும்
மீன் மீன்தானே.

இன்றிரவு எர்சிரா அழைக்கவில்லை.
அழைக்காததுதான் செய்தி.
திரையில் குட்டை வரிசை,
மெல்லிய பச்சைக் கோடு.
உறைகள் பூட்டியவை, உள்ளே பார்க்க முடியாது;
முகவரி மட்டும் தெரியும்.
ஒன்று எர்சிராவின் மருத்துவ நிலையம்.
அதை ஒட்டி இன்னொன்று,
ஏதோ விளையாட்டு நிறுவனத்துக்கு.
பக்கத்துத் தீவில் ஒரு பையன்
விடிய விடியச் சுட்டுக்கொண்டிருக்கிறான்.

அவனாலும் காத்திருக்க முடியாதுதான்.
இதயமும் துப்பாக்கியும் தோளோடு தோள்
கடலைத் தாண்டுகின்றன.
வலைக்கு வித்தியாசம் தெரியாது.

எனக்குத் தெரியும்.
அவனை வெட்டிவிட விரல் விசைவரை போனது.
போய்,
ஆறிப்போன மாத்தேக் கோப்பையை
எடுத்துக்கொண்டு திரும்பியது.

மணி நாலு பத்து.
மழை விடவில்லை.
குட்டை வரிசையில் காத்திருப்போர்:
யாருமில்லை.