மீதி ஐந்து

கை தூக்கியது, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்க.
ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள்.
வுப்பர்டாலின் கிழக்குக் கரையில்
இளையோர் இசைக்குழுவைத் தாங்கும் சங்கத்துக்கு
அப்படித்தான் நான் பொருளாளர் ஆனேன்.

ச எது ப எது என்று எனக்குத் தெரியாது.
மகன் சாருகன் வியோலா வாசிக்கிறான்.
வயலினுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்
வாடகை ரசீதில்தான் பிடிபட்டது:
மாதம் நான்கு யூரோ கூட.

மார்ச்சில் ஃபகோட்டுக்கு வாயடைத்தது.
ஆளுயர மரக்குழல்,
சங்கத்தின் சொத்து, ஒன்றே ஒன்று.
பள்ளி நிலவறையில் வெப்பக் குழாயோடு
குளிர்காலம் முழுக்க யாரோ சாய்த்து வைத்ததில்
அடிக்கட்டை வெடித்துவிட்டது.
திருத்துகிற ஓவர்காட்
ஒரு மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு
எண்ணூற்று நாற்பது என்றார்.
அதே வாரம் நகரசபைக் கடிதம்.
வருந்துகிறோம் என்பது மூன்று இடத்தில்.
தொகை என்ற இடத்தில் ஒரு சிறு கோடு.

யெல்டாவுக்குப் பதினைந்து வயது.
ஊதக் குழல் இல்லாமலே ஒத்திகைக்கு வந்தாள்.
தன் கதிரையில் இருந்து தாளைப் புரட்டி
தன் முறை வரும்போது மட்டும்
மடியில் விரல்களை அசைத்தாள்.
அந்த இடத்தில் இசையில் ஓர் ஓட்டை.
எனக்கே கேட்டது.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை.
சுப்பர்மார்க்கெட்டில்
வெற்றுப் போத்தல் விழுங்கும் இயந்திரத்தைக் கழுவுகிறவள் நான்.
போத்தலுக்கு இருபத்தைந்து சதம்.
வகுத்துப் பார்த்தேன்:
மூவாயிரத்து முந்நூற்று அறுபது.
நசுங்கியதை அது துப்பிவிடும் என்பதையும்
கூட்டத்தில் சொல்லிவைத்தேன்.

பிறகு பார்க்க வேண்டும்.
டிரம்பெட் பையன்கள் உதைபந்து மைதான வாசலில்.
டபுள் பாஸ் வாசிக்கும் ஹென்னிங்
வாத்தியத்தை வீட்டில் கிடத்திவிட்டு
அதன் உறைக்குள் நூற்றுப் பன்னிரண்டு போத்தலோடு
தொங்கு ரயிலில் ஏறினான்;
வளைவில் பெட்டி ஆட, உறைக்குள் கலகலவென்று,
ரயிலே திரும்பிப் பார்த்ததாம்.
கோயில் தேரன்று சோடாப் போத்தல் மட்டும் நானூறு.

நிலையத்தில் போத்தல் பொறுக்கி வயிறு கழுவும் ஒருவர்
இது என் குப்பைத்தொட்டி என்றார்.
நியாயம்தான்.
அன்றிலிருந்து நிலையம் அவருக்கு,
வீட்டு வாசல்கள் எங்களுக்கு.

இயந்திரம் இரண்டு முறை மூச்சுத் திணறி நின்றது.
மேலாளர் என்னைப் பார்த்தார்.
நான் துடைப்பத்தைப் பார்த்தேன்.

ஜூன், சனிக்கிழமை, தேவாலய மண்டபம்.
மற்ற எல்லா வாத்தியமும் ஒதுங்கி நிற்க
அந்தக் குழல் தனியே பேச வேண்டிய இடம்
பதினொரு சுரம். அவ்வளவுதான்.
சாப்பாட்டு மேசையில் தட்டி
சாருகன் எண்ணிக் காட்டியிருந்தான்.
நானும் எண்ணினேன்,
சில்லறை எண்ணுகிறவள்போல் உதடு அசைய.

ஆறு வரை தேன்.
ஏழாவது பிசகி,
தொண்டை உடைகிற வயசுப் பையன்போல் கிரீச்சிட்டது.
முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது.
யெல்டா நிறுத்தவில்லை;
காது மட்டும் சிவக்க
எட்டுக்குப் போனாள், ஒன்பதுக்கு, பதினொன்றுக்கு.
எனக்கு மூச்சு அதன் பிறகுதான் வந்தது.

இரவு கணக்கேட்டைத் திறந்தேன்.
மூவாயிரத்து முந்நூற்று அறுபதைப்
பதினொன்றால் வகுக்க
சுரம் ஒன்றுக்கு முந்நூற்றைந்து போத்தல்,
மீதி ஐந்து.
அந்த ஐந்தையும்
ஏழாவதின் பெயரிலேயே வரவு வைத்தேன்.

அடுத்த பக்கத்தில்
டிம்பனித் தோல், ஒன்று, கிழிந்தது.
தொகைக்கு எதிரே இப்போதைக்குக் கோடுதான்.

உங்கள் வீட்டில் போத்தல் இருந்தால்
தயவுசெய்து நசுக்காதீர்கள்.