தன்மை ஒருமை

அவர் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
வியாழக்கிழமைக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

பாசல் நகரம். ஆறாம் இலக்க டிராம்.
லிஃப்ட்டில் எப்போதும் தரைமெழுகு வாசம்.
ஒரு மணித்தியாலம் முன்பே குளிசையை விழுங்கிவிட்டு
கோப்பி இயந்திரத்தருகே இருப்பார்,
சோதனைக்கு வந்த பிள்ளை மாதிரி.

டாக்டர் எஷ்பாகர் விளக்க, நான் மொழிபெயர்த்தேன்:
நினைவை எடுக்கும்போதெல்லாம் அது இளகுகிறது.
இளகியது திரும்ப இறுகவேண்டும்.
இறுகும் நேரத்தில், மூளைக்குள்
வாதுமைக் கொட்டையளவில் ஒன்று
பயத்தைச் சேர்த்துக் கிண்டுகிறது.
குளிசை அதன் கையைப் பிடித்துக்கொள்ளும்.

டாக்டரின் நீண்ட சொல்லுக்கு என்னிடம் தமிழ் இல்லை.
பாகு என்றேன்.
"கம்பிப் பதமோ, உருட்டுப் பதமோ?" என்றார் அவர்,
பதின்மூன்று வருடம் உணவகக் குசினியில் நின்றவர்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒரு பக்கக் கடதாசி. அவரே எழுதியது.
ஆறு வியாழன் உரத்து வாசிக்கவேண்டும்.
ஒரு வரி அவர். ஒரு வரி நான்.
எங்கள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' கிடையாது.
'நான்' என்று வந்தால் நான்தான்.

     தண்ணீர் நெஞ்சளவு.
          தண்ணீர் நெஞ்சளவு.
     தங்கச்சியின் கை என் கைக்குள்.
          என் கைக்குள்.
     பிறகு வெளிச்சம். பிறகு கை இல்லை.

முதல் வியாழன் மூன்றாம் வரியில் நின்றுவிட்டார்.
நான் நான்காம் வரிக்கு வாயைத் திறந்தபடி காத்திருந்தேன்.
மூன்றாம் வியாழன் மூக்கைச் சிந்திவிட்டு முடித்தார்.
ஐந்தாம் வியாழன்
டிராம் அட்டவணையை வாசிப்பதுபோல் வாசித்தார்,
இடையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டு.
நாடி அறுபத்திரண்டு. டாக்டர் குறித்துக்கொண்டார்.

என் நாடியை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆற்றில் கரைத்த புளி என்பார்கள்.
ஆறு புளிப்பதில்லை.
நான் ஆறு இல்லை.

எனக்குத் தங்கச்சியும் இல்லை.
லீஸ்டால் ஆஸ்பத்திரியில் பிறந்த ஒற்றைப் பிள்ளை.
அந்தக் கடலேரியை வரைபடத்தில்கூடத் தேடியதில்லை.
ஆனாலும் ஒரு மாலை
டிராம் கம்பியை விட்டு இறங்க முடியாமல்
இரண்டு தரிப்பு தாண்டிப் போனேன்.
இன்னொரு நாள் கடையில் யாரோ ஒரு சிறுமி
தாயின் கையை உதறி ஓட,
தாய்க்கு முன்னே கத்தியது நான்.

ஆறாம் வியாழன்.
வாசித்து முடித்துக் கடதாசியை மடித்தார்.
"ஒண்டு எழுத விட்டுப்போச்சு.
நகத்துக்குச் சிவப்புப் பூசியிருந்தவள்.
மருதாணி இல்லை, கடைச்சாயம். பாதி உரிஞ்சுபோய்.
பங்கருக்குள்ள இருந்துகொண்டு
ஆரிட்ட வாங்கினாளோ தெரியேல்ல."
சிரித்தார்.

பதினாறு வருடம் அந்தக் கையைப் பயம் பொத்திவைத்திருந்தது.
நகம் தெரியவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார்.
"என் தங்கச்சி" என்றேன். "சிவப்பு" என்றேன்.
அதற்குமேல் ஜேர்மன் வரவில்லை,
பேசத் தொடங்கிய நாளிலிருந்து பேசுகிற ஜேர்மன்.
தண்ணீர் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் குவளையில்.
நெஞ்சளவு இல்லை.

லிஃப்ட்டில் கேட்டார்:
"இந்தக் கோடைக்கு ஆத்தில இறங்கிப் பாப்பம் எண்டிருக்கிறன்.
அந்த மீன் பை எங்க விக்குது?
நீந்தத் தெரியும் எனக்கு.
அண்டைக்கும் தெரிஞ்சிருந்தது."

ஓகஸ்டில் இந்த ஊரே
உடுப்பை மீன் வடிவப் பையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு
றைனில் மிதந்துபோகும்.
பத்து வயதிலிருந்து மிதக்கிறவள் நான்.
என்னுடையது நீலம். அடுத்த நாளே
வரவேற்பில் கொடுத்துவிட்டு வந்தேன், பெயர் எழுதாமல்.

இப்போது ஓகஸ்ட்.
கரைப் படிக்கட்டில் இருக்கிறேன். கணுக்கால் வரை தண்ணீர்.
பாலத்துக்குக் கீழிருந்து தலைகள் வருகின்றன,
மஞ்சள் பை, பச்சைப் பை,
நீலம் ஒன்று. அவரோ, யாரோ.
வலது கையைத் தூக்கி ஆட்டினேன்,
இடது கை மடியில் எதையோ
இறுக்கிப் பிடித்திருக்க.