எல்லாம் இரண்டிரண்டு

மயிலாத்தாள் எடைமேடை ஜன்னலில் வந்து நின்று
"வெள்ளிக்கிழமைங்க, சித்தூர் ரிஜிஸ்தர் ஆபீஸ்,
வந்துருங்க" என்றாள்.
காலி கிளாஸ் என்று நினைத்து
நான் பாதி குடித்த டீயை எடுத்துக்கொண்டு போனாள்.
நாற்பத்தெட்டு வயதில்
அப்படி ஒரு நடை.

மாப்பிள்ளை வேலுக்குட்டி.
கோபாலபுரத்தில் தமிழ்நாடு முடிந்து
பத்தடி தள்ளி மேசை போட்டு
லாட்டரி விற்கிறவர்.
ஆடிக் காற்றில் சீட்டுகள் பறக்காமலிருக்க
மேலே ஒரு பழைய படிக்கல்.
ஐந்து கிலோ என்று அதில் எழுதியிருக்கும்.
நான் ஒருநாள் போட்டுப் பார்த்தேன்,
நூற்று முப்பது கிராம் குறைவு.
அவரிடம் சொல்லவில்லை.

என்ன கொடுப்பது?

பொள்ளாச்சிப் பாத்திரக்கடையில் ஒரு மணி நேரம் நின்றேன்.
குக்கர் அவளிடம் ஒன்று, அவரிடம் ஒன்று
(அவருடையது விசிலடிக்காது, பெருமூச்சு மட்டும் விடும்).
மிக்ஸி இரண்டு. கட்டில் இரண்டு.
குத்துவிளக்கு மூன்று;
மூன்றாவது எப்படி வந்தது என்று இருவருக்குமே தெரியாது.
கடைப்பையன் ஒரு கடிகாரம் காட்டினான்,
ராதையும் கண்ணனும் ஊஞ்சலாடுகிற மாதிரி.
ஏற்கெனவே ஒரு தடவை நேரம் பார்த்து
கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருவரும்.
வேண்டாம் என்றேன்.

கவரில் ஐநூற்றொன்று வைத்துவிடலாம்.
ஆனால் என் மகன் காய்ச்சலில் கிடந்த ஆறு நாளும்
தூக்குவாளியில் கஞ்சி வந்தது.
பணம் வைத்தால்
கஞ்சிக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

என் பிழைப்பு கழித்தல்.
இளநீர் லாரி காலியாக ஏறும்,
பிறகு பாரத்தோடு ஏறும்,
கழித்தால் வருவது சரக்கு.
இவர்களிடமிருந்தும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன்,
ராத்திரி ஷிப்டில், வண்டி வராத நேரத்தில்.
கடைசியில் இரண்டு படம் மிஞ்சியது.
அவள் டிரங்குப் பெட்டியில்
ஈரிழைத் துண்டு சுற்றிய ஆறுமுகம்.
அவர் பீரோ மேல்
முகம் சுவர்ப்பக்கமாகத் திருப்பிய தங்கமணி.

மீனாட்சிபுரத்தில் பிடித்த வாடகை வீடு
முழுக்கக் கான்கிரீட்.
சாதா ஆணி வளைந்துவிடும்.
போதாததற்கு வீட்டுக்கார ராவுத்தர்
சுவரைத் தொடக் கூடாது என்று
அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருக்கிறார்.

மூன்று தடவை போனேன் அவரிடம்.
மூன்றாம் தடவை அவருடைய கொப்பரை லோடுக்கு
வரிசையில் நிற்காமல் எடை போட்டுக் கொடுத்தேன்.
(தப்புதான்.)
"ரெண்டு ஓட்ட மதி" என்றார்,
"மூணாமது ஒண்ணு கண்டால்
நிங்ஙளே வந்து பூசணும்."

வெல்டிங் பட்டறையில் டிரில்லிங் மெஷின் இரவல்.
ஒரு முழம் டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தேன்,
ஒரு நூல்கூட ஏற்றத்தாழ்வு வரக்கூடாது,
அது முக்கியம் என்று பட்டது,
ஒருவர் மற்றவருக்கு மேலே இருந்துவிடக் கூடாது.
பிளக் இறக்கி ஸ்குரூ முறுக்கி
சிமெண்ட் தூளைக் கூட்டி அள்ளி
பூட்டிச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வெறும் கையோடு போனவன்
நான் ஒருத்தன்தான்.
சாட்சிக் கையெழுத்துக்கு என் பேனாவை வாங்கினார்கள்,
திரும்பி வரவில்லை.
யார் அடித்த ஆணி என்று யாரும் கேட்கவுமில்லை.

ஆடி முடிகிற சமயம்
மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன்.
ஒரு ஆணியிலிருந்து இன்னொரு ஆணிக்கு
நைலான் கயிறு.
அவருடைய முண்டு, அவளுடைய பாவாடை,
ஒரு லாட்டரிப் பை, நனைந்த குடை.

நான் சுவரையே பார்த்தேன் போலிருக்கிறது.
"படங்களைக் கேக்கறீங்களா?" என்றாள்.
"ரெண்டு பேரும் ஒரே பொட்டில இருக்கறாங்க.
ஒரு சத்தமில்லீங்க."

டீ வந்தது.
இந்தத் தடவை முழுதாகக் குடித்தேன்.
கிளம்பும்போது அவர்கள் பார்க்காத நேரத்தில்
கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.
ஈரத் துணி, எப்படியும் நாலு கிலோ வரும்.
ஆணி அசையவில்லை.