மேலே முந்நூறு, கீழே மூணரை

எண்பது மீட்டர் ஏணி ஏறிய மூச்சு
இறங்கும் முன்னே
கியர்பாக்ஸ் வயிற்றிலிருந்து
நூறு மில்லி எண்ணெய் எடுப்பேன், சின்னக் குப்பியில்.
டவர் எண், தேதி, ஓடிய மணிநேரம்
எழுதி ஒட்டிக் கூரியரில் போட்டால்
பத்தாம் நாள் பதில் வரும்:
இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு, ஈரம் இவ்வளவு.
பணகுடிக் காட்டில் நிற்கும் பதினேழு காற்றாடிக்கும்
என்னென்ன சீக்கு என்று எனக்கு மனப்பாடம்.
ஒவ்வொன்றும் முந்நூறு லிட்டர் குடிக்கும்.

கீழே நிற்கும் என் கார்
மூணரை லிட்டர்தான் கேட்கும்.
கடைசியாய் எப்போது ஊற்றினேன்?
கண்ணாடியில் ஒட்டிய சீட்டு வெயிலில் வெளுத்து
கிலோமீட்டர் எழுதிய இடத்தில்
ஒரு எட்டு மட்டும் மிச்சம்.

ஆடி போய் ஆவணி முதல் முகூர்த்தம்.
அண்ணன் மகளுக்குக் கல்யாணம், பாளையங்கோட்டையில்.
நாலு வருஷமாய்ப் பேச்சு இல்லை எங்களுக்குள்.
பத்திரிகையைக் கையில் வாங்கியது ஆவுடை.
போவோம் என்றதும் அவள்தான்.

நாங்குநேரி தாண்டியதும்
ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாய் ஒரு விளக்கு.
மூக்கு நீண்ட கெண்டி, நுனியில் ஒரு சொட்டு.
"இது என்னது, அழகா இருக்கு" என்றாள்.
வீட்டில் எண்ணெய் இருந்தால் விளக்கு எரியும்.
இங்கே இல்லாவிட்டால் எரியும்.
இந்த விளக்கைப் பார்த்த இடத்தில்
வண்டியை ஓரங்கட்டி அணைக்க வேண்டும்.
தெரியும்.
தெரிந்தும் ஓட்டினேன்,
பந்தி முடிந்துவிடுமே என்று.
பனங்கொட்டையை டப்பாவில் போட்டு உலுக்குகிற சத்தம்
பானெட்டுக்குள் கேட்கும் வரை ஓட்டினேன்.

மூன்றடைப்பில் காதர் மைதீன் ஷெட்.
குச்சியை உருவினார், பனியன் துணியில் துடைத்தார்,
மறுபடி விட்டு எடுத்தார்.
இரண்டு கோட்டில் ஒன்றையும் தொடவில்லை.
நுனியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு,
நாள்பட்ட கருவாட்டுக் குழம்பு மாதிரி.
கட்டைவிரலில் தேய்த்து மோந்து பார்த்தார்.
"என்ன வேலை பாக்கீரு?"
"காத்தாடியில. கியர் ஆயில்."
அவர் சிரிக்கவில்லை.
ஆவுடை சிரித்தாள், பட்டுச்சேலை குலுங்க.

அடியில் போல்ட்டைக் கழற்றினார்.
வெட்டிய கேனில் மிஞ்சியது வந்து விழுந்தது,
தார் போல, சத்தமில்லாமல்.
சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஒருத்தர் வாங்கிப் போவாராம்.
பழைய ஃபில்டர் கையில் கனத்தது.

எண்ணெய்க்கு என்ன வேலை?
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே
மயிரிழையினும் மெலிசாய் நிற்பது.
இரண்டு பக்கச் சூட்டையும் தான் வாங்கிக்கொள்வது.
தூளையும் கரியையும் விழுங்கி விழுங்கிக்
கறுத்துப்போவது.
கறுப்பது அதன் குற்றமில்லை.
கறுத்த பிறகும் மாற்றாமல்
வேலை வாங்குகிறோமே, அதுதான்.

பெஞ்சில் உட்கார்ந்து
ஆவுடை அண்ணிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.
"வந்துகிட்டே இருக்கோம்க்கா.
அவுகளும்தான்."

புது எண்ணெய் நல்லெண்ணெய் நிறத்தில் இறங்கியது.
காதர் மைதீன் சாவியைத் திருப்பினார்.
விளக்கு ஒரு கணம் தலைகாட்டி மலையேறியது.
காதை வைத்துக் கேட்டார்.
"பேரிங் தப்பிச்சிட்டு வே."

"அடுத்து எப்ப?" ஆவுடைதான் கேட்டாள்.
"கம்பெனிக்காரன் பத்தாயிரம் கிலோமீட்டர், இல்லன்னா
ஒரு வருசம், எது முந்துதோ அதும்பான்.
ஒங்க காட்டுப் புழுதிக்கு அஞ்சாயிரத்துலயே வந்துருங்க.
எடையில ஒரு நாயித்துக்கெழம
குச்சியாவது உருவிப் பாக்கச் சொல்லுங்க."

என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து
கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்
அவள் குறித்துக்கொண்டாள்,
எனக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருந்த
அண்ணன் நம்பருக்குக் கீழே.