மாலா

அனுப்பர்பாளையம் தாண்டி எங்கள் கம்பெனி.
நெஞ்சில் தொங்கிய அட்டையைப் படித்து
ஸ்பெயின்காரர் சிரிப்பை விழுங்கினார்.
மகிழரசு அப்புறமாய்க் காதோடு சொன்னான்:
"அவிய பாஷையில
கெட்டவள்னு அர்த்தமாமுங்க, அக்கா."

இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் நான் மாத்திரை.
டி.வி.யில் அந்த விளம்பரம் வந்த மறுநாள்
பெஞ்சே என் பக்கம் திரும்பும்.

போன வருசம் வந்த குரோவேசியா அம்மா
எங்கூரில் இது 'சின்னவள்' என்றார்,
என் தோளுக்குக் கீழே நின்றுகொண்டு.
நான் அஞ்சே முக்கால் அடி.

சத்தியமங்கலத்தில் மல்லி
கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த அன்று பிறந்தேன்.
மூட்டையைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு
பொழுது சாய ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பன்
"மாலை" என்றாராம்.
நர்ஸ் காலை ஒடித்து எழுதிக்கொண்டாள்.
பூவைச் சொன்னாரா, பொழுதைச் சொன்னாரா?
கேட்க நினைத்த வருசம்
அவர் இல்லை.

ஸ்பெயின் சரக்கில் இன்று
தையல் விட்டது, கறை பட்டது என்று
முப்பத்தேழு பீஸில் சிவப்பு அம்பு ஒட்டினேன்.
சூப்பர்வைசர் பல்லைக் கடித்து
என்னை அதே அர்த்தத்தில் கூப்பிட்டார்,
நல்ல தமிழில்.