நான்காம் வரிசை

குலிம். இரவு பதினொன்று நாற்பது.
தொழிற்சாலை பஸ் எங்களை இறக்கிவிடும் இடத்துக்கு
இன்னும் பழைய பெயர்தான்: நாலாங்கட்டை டிவிஷன்.
பால்மரம் ஒன்றுகூட இல்லை.
மழை பெய்தால் மட்டும் எங்கிருந்தோ
புளித்த பால் வாசனை கிளம்பும்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வெள்ளை அங்கி, வெள்ளை முகமூடி,
கண் மட்டும் என்னுடையது.
நகமளவு சில்லுகளைத் தட்டில் அடுக்கி
சோதித்து, பெட்டியில் இட்டு
சீட்டு ஒட்டுவது வேலை.
மூன்றாம் வரிசை மேற்கே போகும்.
ஐந்தாம் வரிசை வடக்கே போகும்.
நடுவில் நான்காவதில் நான்,
கமலவேணி, பேட்ஜ் எண் 2207.

மேற்கிலிருந்து ஒரு எந்திரம்,
வடக்கிலிருந்து ஒன்று.
ஒரே பிளக்கில் மின்சாரம் குடிக்கின்றன.
அவற்றோடு வந்த எஞ்சினியர்கள்தான்
கேன்டீனின் இரண்டு மூலையில் உட்கார்ந்து
ஒரே நாசி லெமாக்கைப் பிரிக்கிறார்கள்.
வார்னர் கேட்டார்: அவன் உன்னிடம் என்ன கேட்டான்?
ஃபெங் கேட்டார்: அவன் உன்னிடம் என்ன கேட்டான்?
சம்பல் காரமா என்று கேட்டார், என்றேன்.
இருவரிடமும் சொன்னது உண்மை.
இருவரும் நம்பவில்லை.

தொலைக்காட்சியில் யாரோ ஓர் அமைச்சர்:
நாங்கள் யார் பக்கமும் இல்லை,
எல்லோரும் எங்கள் நண்பர்கள்.
நோர்லிசா சிரித்தாள்.
யானையும் யானையும் மோதினால்
நடுவில் சாவது சருகுமான்,
எங்கள் பழமொழி, தெரியுமா?
தெரியும்.
எங்களுக்கும் இந்த மேட்டில் ஒரு கதை உண்டு.

அவசரகாலத்தில்
பகலில் துப்பாக்கியோடு வந்தவன் அரிசியை எண்ணினான்.
இரவில் துப்பாக்கியோடு வந்தவன் அரிசியைக் கேட்டான்.
காட்டுக்குப் போய்விடக் கூடாதென்று
பால் டின்னில் ஓட்டை போட்டே விற்றது ஒட்டுக்கடை.
எந்தப் பக்கமும் சேராத சடையன் என்ற பால்வெட்டியை
இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் அடித்ததாகக் கேள்வி.
மத்தளமாவது அடித்தால் சத்தம் போடும்.
சடையன் அடுத்த நாள் விடியுமுன்
தன் நிரைக்குப் போய்விட்டானாம்.

நடு என்றால் மையம்.
நடு என்றால் ஊன்று.
அமைச்சர் சொல்வது முதலாவதை.
இரண்டாவதை இங்கே செய்தது நாங்கள்,
குழிக்கு ஒரு கன்று, கயிறு பிடித்து, வரிசை தப்பாமல்.
நட்டவர்களை யாரும்
நடுவில் உட்காரவைத்ததில்லை.

சென்ற வியாழன், மணி மூன்றரை.
சூப்பர்வைசர் ச்சுன் ஹோங் தள்ளுவண்டியில்
நாற்பது பெட்டி கொண்டுவந்தார்.
ஒன்றையும் நாங்கள் திறந்ததில்லை, சோதித்ததில்லை.
இருக்கிற சீட்டை உரி. நம்ம நாட்டுச் சீட்டை ஒட்டு.
இது இங்கே பிறக்கலையே, என்றேன்.
பாஸ்போர்ட் மாத்தறோம், அவ்வளவுதான் லா.
ஒரு வாரம் ஓ.டி. எழுதறேன்.

பதினொன்று ஒட்டினேன்.
மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் செமஸ்டர்.
கார் தவணை இன்னும் முப்பத்தொன்று.
பன்னிரண்டாவதில் கை நின்றது.
துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள்,
சீட்டின் பசை விரலில் ஒட்டிக்கொண்டு
பிரியவில்லை, முதலில் அதுதான்.
பிறகு அது பிரிந்த பிறகும்
நான் அடுத்ததை எடுக்கவில்லை.

ச்சுன் ஹோங் கத்தவில்லை.
களைத்த மனிதர், அவருக்கும் மேலே ஒருவர்,
அவருக்கும் மேலே ஒரு கடல்.
வெள்ளிக்கிழமையே என்னைச் சரக்கு வாசலுக்கு மாற்றினார்கள்.
அங்கே ஏசி இல்லை. காற்று உண்டு.

அந்த இருபத்தொன்பது பெட்டியும்
இன்னும் அந்த நடைபாதையில்தான்.
உரித்த இடம் மட்டும் வெள்ளையாக, பெயரில்லாமல்.
இரவுக் காவலர் ஷஃபிகுல் கேட்டார்,
இதெல்லாம் எந்த நாட்டுச் சரக்கு, அக்கா?
இப்போதைக்கு எந்த நாட்டுக்கும் இல்லை, என்றேன்.

அப்படியா, என்று
மேலிருந்த தூசியைத் தட்டி
ஒன்றின்மேல் உட்கார்ந்து
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.
கொஞ்சம் நகர்ந்து
எனக்கும் இடம் விட்டார்.